ஆவி ஏறிய வழியில் அப்பாவோடு ஐந்து நாள்

முதல் நாள்: பேப்பூர்

எங்கள் ஊரில் ஜூலை பிறந்துவிட்டால் டீக்கடையில் முதல் பேச்சு "டேம்ல எத்தன அடி?" என்பதுதான். கோபி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம். ஆகஸ்ட் 15 வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் விடுவது வழக்கம், அதற்குள் பவானிசாகர் ஓரளவாவது நிறைந்தாக வேண்டும், ஆனால் அது நிறைவது எங்கள் ஊர் மழையால் இல்லை. தென்மேற்குப் பருவத்தில் எங்களுக்கு வருவது காற்றும், காய்ந்த துணி நனையாத அளவுக்குத் தூறலும் மட்டும்தான். அப்பாவுக்கு 71 வயது. ஐம்பது வருஷமாகத் தினத்தாளில் அவர் முதலில் பார்ப்பது அணையின் நீர்மட்டம். அந்தத் தண்ணீர் உண்டாகிற இடத்தை மட்டும் அவர் பார்த்ததே இல்லை.

நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். நீர் சுழற்சிப் படத்தைக் கரும்பலகையில் நூறு தடவை வரைந்திருப்பேன்: கடல், மேலே போகும் அம்புக்குறி, மேகம், கீழே வரும் அம்புக்குறி. அந்த இரண்டு அம்புக்குறிக்கும் நடுவில் 'ஆவி சுருங்குதல்' என்று ஒரு வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அங்கேதான் எல்லாமே நடக்கிறது. அதனால் ஐந்து நாள் லீவு போட்டு, அரபிக் கடலில் கிளம்பும் ஆவி எந்த வழியாக மலையேறுகிறதோ அதே வழியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறினோம், விடியும்போது கோழிக்கோடு.

லாட்ஜில் ஏசி அறை. குளித்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, கதவைத் திறந்து வராந்தாவில் கால் வைத்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அம்மிணி, கண்ணு மங்குது."

போன வருஷம்தான் புரை எடுத்தோம், எனக்கும் ஒரு நொடி பகீரென்றது. பார்த்தால் மூக்குக்கண்ணாடி இரண்டும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கழற்றித் துடைத்துக் கொடுத்தேன், மறுபடி பூத்தது, இரண்டு நிமிஷத்தில் தானாகவே தெளிந்தது. ஏசியில் கிடந்த கண்ணாடி ஜில்லென்று இருந்தது, வெளியே இருப்பது ஈரம் நிறைந்த கடலோரக் காற்று, அது குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அதிலிருந்த ஆவி தண்ணீராகி அங்கேயே ஒட்டிக்கொண்டது. வராந்தா கோடியில் ஏசிக் குழாய்க்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது, முக்கால் வாளி தண்ணீர். "இதுவும் அதேதானுங்கப்பா, அறைக்குள்ள இருந்த காத்துல புடிச்ச தண்ணி" என்றேன். குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் பேப்பூர் போனோம். சாலியாறு கடலில் சேரும் இடம். ஆற்றின் வாயில் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் கல் அணைக்கு அங்கே 'புலிமுட்டு' என்று பேர், அலை பெரிதாக இருந்ததால் கடைசி வரை போக விடவில்லை. பாதி வழியில் நின்றோம். அலை கல்லில் மோதித் தெறிக்கும்போது வரும் பொடிச் சாரல் உதட்டில் கரித்தது. இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கும்.

கரைக்குத் திரும்பி ஒரு கடையில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் வாங்கினோம். டம்ளர் கைக்கு வந்து அரை நிமிஷம் கூட ஆகவில்லை, வெளிப்பக்கம் முதலில் புகைபோல மங்கியது, அப்புறம் மங்கல் சின்னச் சின்னப் புள்ளியாகப் பிரிந்தது, பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன, ஒன்று கனம் தாங்காமல் சரிந்து, போகிற வழியில் இருந்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு கீழே ஓடியது. அப்பா அந்தக் கோட்டை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"இனிப்பு இல்ல. அப்போ உள்ள இருந்து கசியல."

நான் வகுப்பில் இப்படி ஒரு சோதனையை யோசித்ததே இல்லை. வீட்டில் மண்பானையும் வேர்க்கும், எவர்சில்வர் சொம்பும் வேர்க்கும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மண்பானையில் உள்ளிருக்கும் தண்ணீர் நுண்துளை வழியாக வெளியே வந்து ஆவியாகிப் பானையைக் குளிர வைக்கிறது. சொம்புக்கு வெளியே நிற்கும் நீர் முழுக்கக் காற்றிலிருந்து வந்தது. ஒன்றில் நீர் ஆவியாகிறது, மற்றதில் ஆவி நீராகிறது.

காற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் சுமார் 30 கிராம் ஆவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரிக்கு இறங்கினால் வெறும் 9 கிராம்தான். மழைக்காலத்தில் கடலோரக் காற்று அந்த உச்சத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதனால்தான் பேப்பூரில் வேர்வை காயவில்லை, துண்டு காயவில்லை. ஆவி கண்ணுக்குத் தெரியாது. டீ டம்ளருக்கு மேல் வெள்ளையாகத் தெரிவதை நாம் ஆவி என்கிறோம், அது ஏற்கெனவே குளிர்ந்து துளியாகிவிட்ட தண்ணீர். கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள், மூக்கின் நுனிக்கும் வெள்ளைப் புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு விரற்கடை வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் ஆவி.

இரண்டாம் நாள்: நிலம்பூர், நாடுகாணி, கூடலூர்

காலையில் நிலம்பூர் பேருந்து. வழி முழுக்கத் தென்னை, பாக்கு, ரப்பர், நடுநடுவே சாலியாறு செம்மண் நிறத்தில் வந்து வந்து போனது. நிலம்பூரில் 1840களில் நட்ட தேக்குத் தோட்டம் இருக்கிறது, பார்க்கலாமா என்றதற்கு "மரத்தை அப்பறம் பாத்துக்கலாம், மலைக்குப் போலாம்" என்றார்.

நிலம்பூர் பேருந்து நிலையத்தில் கைபேசியில் வானிலை பார்த்தேன். வெப்பம் 28, பனிப்புள்ளி 24. பனிப்புள்ளி என்றால், இருக்கிற காற்றை அப்படியே குளிரவைத்துக்கொண்டே போனால் எந்த டிகிரியில் ஆவி தண்ணீராகத் தொடங்குமோ அந்த டிகிரி. ஒரு மனக்கணக்கு உண்டு: இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிவயிறு எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று ஏறக்குறையத் தெரியும். 4 டிகிரி வித்தியாசம், 500 மீட்டர். "மலைச்சுரம் ஏற ஏற பாதி வழியில நாம மேகத்துக்குள்ள போயிருவோம் பாருங்க" என்று சொல்லி வைத்தேன்.

வழிக்கடவு தாண்டியதும் சுரம் தொடங்குகிறது. மூங்கில், ஈரப் பாறை, வளைவுக்கு வளைவு ஒரு சின்ன அருவி. சாலை நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது, கீழே நிலம்பூர்ப் பக்கம் பச்சை விரிப்பாகக் கிடந்தது, திடீரென்று ஒரு வளைவில் கீழ் வளைவு காணாமல் போனது, அடுத்த வளைவில் எதிரே வந்த லாரியின் விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்து வந்தது. கைபேசி உயரம் 560 மீட்டர் காட்டியது. அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிவிட்டு உள்ளே இழுத்து உள்ளங்கையைப் பார்த்தார். முடிகள் எல்லாவற்றிலும் மாவு தூவினாற்போல நீர்ப்பொடி.

பல பாடப்புத்தகங்களில், நானே வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன், 'மலை மேகங்களைத் தடுத்து மழை பெய்விக்கிறது' என்று ஒரு வரி வரும். சுரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது எவ்வளவு தப்பு என்று உறைத்தது. கீழே நிலம்பூரில் தடுப்பதற்கு மேகம் எதுவும் தாழ்வாக வரவில்லை. வந்தது வெறும் காற்று, கண்ணுக்குத் தெரியாத ஆவியோடு. மலை குறுக்கே நிற்பதால் காற்று ஏறித்தான் ஆகவேண்டும். மேலே போகப் போக அதை அழுத்தும் காற்றின் கனம் குறைகிறது, அதனால் அது விரிகிறது, விரிவதற்குச் செலவாகும் ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது, குளிர்கிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு டிகிரி. சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும், வால்வைப் பிடுங்கிவிட்டால் வெளியே சீறும் காற்று விரலுக்கு ஜில்லென்று படும், இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். மேகம் எங்கிருந்தோ வந்து மலையில் மோதவில்லை, இந்தச் சரிவிலேயே, எங்கள் பேருந்துக்குப் பக்கத்திலேயே, அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது.

இனி அந்த உப்பு. குளிர்ந்தால் மட்டும் போதாது, ஆவி ஒட்டுவதற்கு ஏதாவது வேண்டும். சர்பத் டம்ளர் ஒட்ட இடம் கொடுத்தது, மூக்குக்கண்ணாடி கொடுத்தது. நடு வானத்தில்? பேப்பூரில் அலை மோதித் தெறித்த சாரல் காய்ந்தால் மிச்சமாகும் உப்புப் பொடி, அடுப்புப் புகை, மண் தூசி, இவைதான். உப்புக்கு ஈரத்தைப் பிடித்திழுக்கும் குணம் உண்டு, மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிந்து போவதைப் பார்க்காதவர்கள் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் கூடப் போதும், அதைச் சுற்றி ஆவி படிந்து மேகத்துளி ஆகிவிடும். துகள் எதுவுமே இல்லாத சுத்தமான காற்றில் ஆவி தண்ணீராவதற்கு அதன் அளவு வழக்கமான உச்சத்தைப் போலப் பல மடங்கு ஏற வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் சி.டி.ஆர். வில்சன் 1894இல் பென் நெவிஸ் மலை உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் சில வாரம் தங்கி, மேகத்தில் வெயில் பட்டு உண்டாகும் நிற வளையங்களைப் பார்த்து மயங்கி, அதைப் போலவே கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மேகம் செய்யப் பார்த்தார். அந்த முயற்சிதான் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறையாக வளர்ந்தது, 1927இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. மலையில் மேகத்துக்குள் நின்ற ஒரு மனிதருக்கு வந்த ஆசை அது. சுரத்தின் உச்சியில் இருக்கும் நாடுகாணியில் எனக்கு அவர் நினைவுதான்.

கூடலூர் வந்து சேரும்போது நல்ல மழை. ராத்திரி முழுக்க ஓட்டுத் தாழ்வாரத்தில் விடாமல் கொட்டியது. அப்பா சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார், நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன், இங்கே பெய்வதில் பெரும்பகுதி பாண்டியாற்றில் போய், கேரளத்துக்குள் புன்னம்புழாவாகி, சாலியாற்றில் சேர்ந்து, நேற்று நாம் நின்ற பேப்பூருக்கே திரும்பிவிடும் என்று.

எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதுதானா அந்தப் பாண்டியாறு!"

பாண்டியாறு–புன்னம்புழாத் தண்ணீரைக் கிழக்கே, பவானிசாகருக்கு வரும் மாயாற்றுக்குத் திருப்ப வேண்டும் என்பது எங்கள் பக்க விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் கோரிக்கை. எத்தனை கூட்டத்தில் அப்பா அந்தப் பேரைக் கேட்டிருப்பார்! அதன் மழைச் சத்தத்தைக் கேட்டது இன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள்: நடுவட்டம், பைக்காரா, ஊட்டி

கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், நடுவட்டம் கிட்டத்தட்ட 2,000. நடுவில் 20 கி.மீ. கூட இல்லை. பேருந்து அப்படியே செங்குத்தாக ஏறுகிறது. ஊசிமலைக் காட்சிமுனையில் எதுவும் தெரியவில்லை, வெள்ளைச் சுவர்தான்.

இன்று ஒரு விஷயம் கவனித்தோம். நேற்று சுரத்தில் வேகமாகக் குளிர்ந்தது, இன்று அதே உயரம் ஏறியும் அவ்வளவு குளிரவில்லை. காரணம் இருக்கிறது. கடலில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் எங்கும் போய்விடவில்லை, ஆவிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, உள்ளுறை வெப்பம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆவி துளியாகும் இடத்தில் அது வெளியே வந்துவிடும். அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று 100 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் குளிராமல், அரை டிகிரி போலத்தான் குளிர்கிறது. சுற்றியிருக்கும் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால் இன்னும் மேலே ஏறுகிறது, ஏறினால் இன்னும் ஆவி சுருங்குகிறது.

அப்பாவுக்குப் புரிகிற அளவில் சொல்லப் பேருந்திலேயே கணக்குப் போட்டேன். நம் காட்டில் ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 4,047 லிட்டர். அவ்வளவு ஆவியும் தண்ணீரானபோது மேலே வெளிவந்த வெப்பம் மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய 2,700 யூனிட். ஒரு ஏக்கர், ஒரு மில்லிமீட்டர்! நேற்று ராத்திரி கூடலூரில் பெய்ததை எல்லாம் இப்படிப் பெருக்கிப் பார்த்தால் மூளை நின்றுவிடும். புயலை ஓட்டுவதும் இதே வெப்பம்தான்.

நடுவட்டத்தில் டீக்கு நிறுத்தினார்கள். கடைக்கார அக்கா இட்லிக் கொப்பரையைத் திறந்தார், மூடியின் உட்பக்கத்திலிருந்து நீர் கொட்டாமல் இருக்கச் சட்டென்று சாய்த்து ஓரமாக வடித்தார். இட்லி மேல் சொட்டினால் கொழகொழத்துவிடும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். அப்பா என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். இருவரும் மூடியைத்தான் பார்த்தோம்.

"மழை எப்ப நிக்கும்மா?" என்று அவரிடம் கேட்டார் அப்பா.

"இங்க நின்னாத்தானுங்க ஐயா ஆச்சரியம். நீங்க பைக்காரா தாண்டுங்க, தானா குறைஞ்சிரும்."

அப்படியேதான் இருந்தது. மேற்கு விளிம்பில் பெரும்பாலானதைக் கொட்டிவிட்டு வருகிற காற்று உள்ளே போகப் போகத் தூறலாகிவிடுகிறது. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் போலத்தான் விழும், மேலே ஏறும் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். ஒரு மழைத்துளி ஆவதற்கு அப்படிப்பட்ட துளிகள் சுமார் பத்து லட்சம் சேர வேண்டும், சர்பத் டம்ளரில் பார்த்த மாதிரி ஒன்றையொன்று இடித்துச் சேர்த்துக்கொண்டு. அதனால் எல்லா மேகமும் மழையாவதில்லை. சேர நேரம் கிடைக்காத மேகம் வெறுமனே கடந்து போய்விடும். அதை யார் பிடிப்பார்கள் என்பதற்குப் பதில் நாளைக்கு.

பைக்காரா அணை ஓரம் இறங்கி நின்றோம். "இங்கருந்து நம்ம தண்ணிங்கப்பா" என்றேன். பைக்காரா ஆறுதான் கீழே மாயாறாகிறது, மாயாறு பவானிசாகருக்கு வருகிறது. வழியில் 1932இலிருந்தே மின்சாரமும் எடுக்கிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக இறங்கிக் கையில் அள்ளி முகத்தில் போட்டுக்கொண்டார். கழற்றியதைத் திட்டம் போட்டுச் செய்ததாகத் தெரியவில்லை, கோயில் குளத்தில் இறங்குகிற மாதிரி கால் தானாகவே கழற்றிக்கொண்டது.

ஊட்டி பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டம், சாக்லேட் கடை, குளிர்.

நான்காம் நாள்: அவலாஞ்சி

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் வேண்டியிருந்த இடம் இது. ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாகப் போக வேண்டும். 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் மழை பதிவான ஊர். சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைப்பது சுமார் 1,400 மி.மீ. என்பதை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். கனமழை நாட்களில் மூடிவிடுவார்கள், இன்று மழை இல்லை, மேகம் மட்டும், அதனால் வனத்துறை வண்டியில் உள்ளே கூட்டிப்போனார்கள்.

புல்மலை, அதன் மடிப்புகளில் மட்டும் கருகருவென்று சோலைக்காடு. மரங்கள் உயரமில்லை, குடை பிடித்தாற்போலத் தலை ஒட்டி நிற்கின்றன. ஓட்டுநர் தம்பி வண்டியை ஒரு சோலை ஓரமாக நிறுத்தி, "ஐயா, சத்தம் கேக்குதுங்களா?" என்றார். எஞ்சினை அணைத்ததும் கேட்டது. சொட்டுச் சொட்டாக, காடு முழுக்க. நாங்கள் நின்ற தார்ச்சாலை லேசாகத்தான் ஈரமாயிருந்தது, மூன்று எட்டு எடுத்து மரத்தடிக்குப் போனால் மழை. மேலே மழை பெய்யவே இல்லை.

ஒரு கிளையின் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கை பருமன் கிளை, சுற்றிலும் பாசி நாலு விரல் கனத்துக்கு, அதன் நடுவில் சின்னப் பெரணி, ஒரு ஆர்க்கிட் வேர், சாம்பல் பச்சையில் தாடி போலத் தொங்கும் கற்பாசி. காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டு வரும்போது தாடியின் ஒவ்வொரு இழையிலும் மணி மணியாக ஏதோ ஒட்டியது, முதலில் இழையே வெள்ளையானது போலத்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் கீழ் நுனியில் ஒரு மணி பெருத்தது, அதற்குள் மரங்கள் தலைகீழாகத் தெரிந்தன, விழுந்தது. அடுத்தது பெருக்கத் தொடங்கியது. ஒரே நுனியில் ஐந்து நிமிஷத்தில் பதினொரு சொட்டு எண்ணினேன். ஒரு நுனி அது. அந்தக் கிளையில் மட்டும் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும்.

பத்து லட்சம் துளி சேர நேரமில்லாமல் கடந்து போகிற மேகத்தை இந்த மரங்கள் பிடித்து இறக்குகின்றன. ஆவி ஏற்கெனவே காற்றில் துளியாகிவிட்டது, ஆனால் மண்ணுக்கு வரும் வழி தெரியாமல் மிதந்துகொண்டிருக்கிறது, இலையும் பாசியும் அதற்குக் கைகொடுக்கின்றன. மழைமானியில் இதில் பெரும்பகுதி பதிவாகாது, ஏனென்றால் மானியைத் திறந்தவெளியில் வைக்கிறோம். காலால் தரையை அழுத்தினேன், மெத்தை போல அமிழ்ந்தது, ஓரத்திலிருந்து நீர் ஊறியது. அப்பா குச்சியால் கிளறினார், கறுப்பு மண், இலைமக்கு, ஒரு முழம் போயும் கல் தட்டவில்லை. "இந்த மண்ணு தண்ணிய வெச்சு வெச்சுல்ல விடும்" என்றார். மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் வருவது இதனால்தான். இங்கிருந்து குந்தா, பில்லூர் என்று மின்நிலையம் மின்நிலையமாக இறங்கிப் பவானியில் சேர்கிறது.

திரும்பும் வழியில் யூகலிப்டஸும் சீகை மரமும் (வாட்டில்) வரிசை வரிசையாக. வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்காகத் தொடங்கியது, சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் செயற்கை இழை ஆலைக்கும் என்று புல்மலை மேலேயே பெருவாரியாக நட்டார்கள். கிளன்மார்கன் பகுதியில் புல்வெளியாக இருந்த ஓர் ஓடைப் படுகையில் யூகலிப்டஸ் நட்டு, பக்கத்தில் அதே போன்ற இன்னொன்றை நடாமல் விட்டு, ஊட்டி மண்வள ஆராய்ச்சி நிலையத்தார் வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் சுற்று மரம் வளர்ந்து வெட்டுவதற்குள் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்திருந்தது. எனக்கு இதைப் பார்க்க ஆத்திரமாகவே இருக்கிறது. சோலையை ஒருமுறை இழந்தால் மறுபடி நட்டு வளர்ப்பது நம் ஆயுளில் முடிகிற காரியமில்லை, அந்தப் பாசி அந்தக் கனத்துக்கு வர எத்தனை காலம் ஆகியிருக்கும். இப்போது சீகையை எடுத்துவிட்டுப் புல்லையும் சோலைக் கன்றுகளையும் திரும்பக் கொண்டுவரும் வேலை சில இடங்களில் நடக்கிறது, ஓட்டுநர் தம்பியே ஒரு நாற்றங்காலைக் காட்டினார். விரலளவு கன்றுகள். அங்கே கொஞ்ச நேரம் நின்றோம்.

ராத்திரி அறையில் அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "நம்மூர்ல மார்கழில பயிர் மேல நிக்கற பனி?" என்று கேட்டார். அதுவும் இதே குடும்பம்தான். ராத்திரியில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது, இலை காற்றைவிடக் குளிர்ந்து போகிறது, அதில் ஆவி படிகிறது.

"மேகம் போட்டா பனி எறங்காது. எங்கப்பன் சொல்லுவாரு."

தாத்தா சொன்னது அப்படியே சரி. மேகம் போர்வை மாதிரி மூடிவிட்டால் சூடு வெளியே போகாது, இலை குளிராது. இங்கே ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடும், அது தண்ணீர்கூட ஆகாமல் ஆவி நேராக ஐஸாவது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று அவர் சொல்லத் தொடங்கினார், முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள்: கல்லட்டி, மசினகுடி

36 கொண்டை ஊசி வளைவுகளில் சின்னப் பேருந்து இறங்கியது. தலைகுந்தா வரை மூடுபனி, ஸ்வெட்டர். பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியிருப்போம், ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. மசினகுடியில் இறங்கும்போது வெயில். முள்மரம், காய்ந்த புல், புழுதி, எலும்பு தெரியும் மாடுகள். நேற்றுக் காலுக்கடியில் நீர் ஊறிய இடத்திலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது?

அண்ணாந்து பார்த்தால் மலை விளிம்பில் மேகம் வரிசையாக உட்கார்ந்திருந்தது. விளிம்பைத் தாண்டி வழிகிறது, வழிந்து கொஞ்ச தூரம் இறங்குகிறது, அப்புறம் இல்லை. கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தோம். மேகம் நகராமல் நிற்பது போலத் தோன்றுகிறது, உண்மையில் காற்று அதற்குள் புகுந்து வெளியே வந்துகொண்டே இருக்கிறது, மேற்கே ஏறும் பக்கம் புதுத்துளிகள் பிறக்கின்றன, கிழக்கே இறங்கும் பக்கம் காற்று நசுங்கிச் சூடாகி அதே துளிகள் மறுபடி ஆவியாகிவிடுகின்றன. 100 மீட்டருக்கு ஒரு டிகிரி, இந்தத் தடவை எதிர்த்திசையில். மேற்கே உள்ளுறை வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு, தண்ணீரையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதால், கிளம்பிய உயரத்துக்கே திரும்பினாலும் காற்று முன்னைவிடச் சூடாகவும் வறண்டும் இருக்கும். புத்தகத்தில் மழை மறைவுப் பகுதி என்று இரண்டே வார்த்தையில் இருப்பது இதுதான்.

"நம்மூர்ல ஆடிக்காத்து அப்படி அடிச்சும் மழை வராததுக்கு இதுதான் காரணமா அம்மிணி?"

"ஆமாங்கப்பா. அந்தக் காத்துதான். பேப்பூர்ல நம்ம மேல பட்டதே இதுதான், தண்ணிய மேல எறக்கி வெச்சுட்டு வருது."

மாலையில் ஜீப்பில் தெப்பக்காடு வரை போனோம். பாலத்துக்கு அடியில் மாயாறு, மண் கலந்து வேகமாக, ஓரத்து நாணலைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. சுற்றிலும் உள்ள காட்டில் மழையே இல்லை, ஆறு மட்டும் நிறைந்து வருகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது, ஓட்டுநர் மெதுவாகத்தான் போனார், அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மசினகுடிக்குத் திரும்பி சிக்னல் கிடைத்ததும் ஊரில் பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்கு ஃபோன் போட்டார். நலம் விசாரிக்கவில்லை, எங்கே இருக்கிறோம் என்று சொல்லவில்லை.

"மாப்ள, டேம்ல எத்தன அடி?"

அந்தப் பக்கம் ஏதோ பதில் வந்தது. நேற்றைக்கு இன்றைக்கு ஒன்றரை அடி ஏறியிருக்கிறதாம். கேட்டுக்கொண்டே அப்பா மலை விளிம்பைப் பார்த்தார், மேகம் இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"இன்னும் வரும் மாப்ள," என்றார். "மேல நிக்குது. நான் பாத்துட்டுத்தான் பேசறேன்."